வயசு பார்த்து வந்த காமாலை

எனக்குக் காமாலை என்று முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் மனைவி மெர்சியும் இல்லை. சிகரெட்தான். பல வருஷமாக மெர்சிக்குத் தெரியாமல் ஊதிக்கொண்டிருந்தவன் நான். அவளுக்குத் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் தாம்பரம் ஸ்டேஷன் எதிரே கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒன்றைப் பற்ற வைத்தேன். ஒரே இழுப்பு, குடலே வாய்க்கு வந்துவிட்டது. பாக்கெட்டோடு தூக்கிப் போட்டேன். மறுநாள் தாளிக்கிற வாசனை ஆகவில்லை. அதற்கு மறுநாள் மூத்திரம் காபி டிகாஷன் நிறத்தில் போனது. உடம்பில் சூடு என்று நானே முடிவு கட்டி, இரண்டு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். அப்படி ஒரு புத்திசாலி.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மறைமலை நகரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் ஆபீசராக இருந்தேன். வயசு முப்பத்தொன்று. பிழைத்து எழுந்த பிறகு, காமாலை எப்படி இருக்கும் என்று பலரும் கேட்டார்கள். சொல்கிறேன். ஆனால் அந்தக் கட்டிலில் கிடந்தபடி நான் போட்ட ஒரு கையெழுத்தையும் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் யோக்கியமாக இருக்காது.

நான்காம் நாள் மெர்சி என்னை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் ஆட்டோ கூப்பிடப் போனாள். அவள் ஸ்கூல் டீச்சர். பேசாமல் இருந்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம். தாம்பரத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எதிரே இருந்த பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்து, "தம்பிக்கு மஞ்சக்காமாலை" என்று இலவசமாகச் சொல்லிவிட்டார். அதையே டாக்டர் வசந்தா சொல்வதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரமும் மூன்று குழாய் ரத்தமும் ஆனது.

டாக்டர் வசந்தாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுவார். ரத்தத்தில் பிலிரூபின் ஏறியிருக்கிறது என்றார். பழைய ரத்த அணுக்கள் செத்துப்போகும்போது வருகிற மஞ்சள் கழிவு அது. ஈரல் அதை வாங்கி வெளியே தள்ள வேண்டும். ஈரல் வீங்கிக் கிடந்தால் அது ரத்தத்திலேயே தங்கி, கண்ணுக்கும் தோலுக்கும் வந்துவிடும். ஈரலை வீங்க வைத்தது ஹெபடைட்டிஸ் ஏ என்கிற கிருமி. சாக்கடை கலந்த தண்ணீர் வழியாகவோ சாப்பாடு வழியாகவோ வாய்க்குள் போயிருக்கும். போய் ஒரு மாசம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

"இதுக்கு மருந்து?" என்றாள் மெர்சி.

"மருந்து கிடையாது. படுக்கணும், முடிஞ்சதைச் சாப்பிடணும், பொறுத்துக்கணும். பெரும்பாலும் தானா சரியாயிடும்."

அந்தப் 'பெரும்பாலும்' மெர்சியைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் முதல் வாரத்தில் எனக்குச் சரியாகிற வழியில் போகவில்லை. ரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று ஒரு பரிசோதனை உண்டு. உறைவதற்கு வேண்டிய சரக்கை ஈரல்தான் செய்கிறது. அது படுத்துவிட்டால் வினாடி கூடிக்கொண்டே போகும். எனக்குக் கூடியது. டாக்டர் மெர்சியை வராண்டாவுக்குக் கூட்டிப்போய், பேச்சு குழறினாலோ நாள் கிழமை மறந்தாலோ உடனே சொல்லுங்கள், ஈரலின் விஷம் மூளைக்கு ஏறுகிறது என்று அர்த்தம் என்றாராம். அன்றிலிருந்து மெர்சி என்னைப் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பதினேழு ஏழு நூற்றுப் பத்தொன்பது என்று நான் சொல்ல, அவள் உதடு அசைத்துச் சரிபார்ப்பாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் என்மேல் வைத்த பிரியம் இவ்வளவு வெளிப்படையாக அதற்கு முன் தெரிந்ததில்லை.

பயந்தாயா என்று கேட்பார்கள். இல்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். நான்கு வயசு மகள் ஷீபாவை வாசல்வரை கூட்டி வந்து காட்டினார்கள். கை ஆட்டினேன், உள்ளே ஒன்றும் ஆடவில்லை. காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். சுத்தப் பொய். வெள்ளை வெள்ளையாகத்தான் தெரிந்தது. அது வெள்ளை என்பதில்தான் எனக்கு ஒரு அக்கறையும் இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு, வாயெல்லாம் கசப்பு, சுவரில் ஒரு காலண்டர், அதில் தேதி கிழிக்க யாரும் வரவில்லை. சர்ச்சிலிருந்து வந்து ஜெபம் பண்ணினார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் கீழாநெல்லியை அரைத்து உருண்டையாகக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் ஆமென் என்றேன்.

தினமும் வந்த இன்னொரு ஆள் கன்னியப்பன். எங்கள் தொழிற்சாலையில் ஆபீசர் கேன்டீன் சமையல்காரர். நாற்பத்தைந்து வயசு இருக்கும், இரும்புலியூரில் வீடு. நாலு வருஷமாக மதியம் அவர் கையால்தான் சாப்பாடு. வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி, வீட்டுக்குப் போய் கஞ்சி வைத்து, தூக்கில் ஊற்றி, சைக்கிளில் எடுத்துக்கொண்டு வருவார்.

"இன்னா சார், எப்டி கீற?"

"இருக்கேன்."

"கஞ்சி கொண்ணாந்துக்கீறேன். ஒரு சொட்டு எண்ண கெடையாது. நொய்யும் பாசிப்பருப்பும், அவ்ளோதான். மூக்க புட்ச்சிகினு குட்ச்சிரு." மெர்சியைப் பார்த்து, "ஒரு கரண்டி உள்ள போச்சுன்னா போதும்மா. வாந்தி எடுத்தா எடுக்கட்டும், இன்னொரு கரண்டி குடு" என்பார்.

அந்தக் கஞ்சி ஒன்றுதான் என் வயிற்றில் நின்றது.

எனக்கு மட்டுமில்லை, கம்பெனியில் ஏழு ஆபீசர்களுக்குக் காமாலை. அந்தச் செய்தியோடு ஒரு செவ்வாய்க்கிழமை பர்சனல் மேனேஜர் ராமநாதன் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சஃபாரி சூட், கையில் ஒரு கிலோ ஆப்பிளும் ஒரு ஃபைலும். ஃபைலில் முதலில் ஆஸ்பத்திரிச் செலவுக்கான ஃபாரம். கம்பெனி மொத்தமும் பார்த்துக்கொள்ளும் என்றார். அதற்கு அடியில் டைப் அடித்த ஒரு தாள்.

"யோசிச்சுப் பாருங்க ஞானராஜ். தண்ணிதான் காரணம்னா ஒர்க்கர்ஸ் பூரா படுத்திருக்கணுமே? எல்லாருக்கும் ஒரே தொட்டித் தண்ணிதான். ஒருத்தன் படுக்கலே. மாடியில நம்ம கேன்டீன்ல சாப்பிட்டவங்க மட்டும் விழுந்திருக்காங்க. அங்கே சமைக்கிறது யாரு? ஒரே ஆள். அவன் மச்சான் யூனியன்ல யாரு? சம்பளப் பேச்சுவார்த்தை எந்த நிலைமைல இருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

தாளில் இருந்தது இது: கன்னியப்பன் அசுத்தமாகச் சமைப்பதை நான் பலமுறை நேரில் பார்த்தேன், வேண்டுமென்றே செய்கிறார் என்று சந்தேகப்படுகிறேன். நான் எதையும் பார்த்ததில்லை. ஒரு தடவை துண்டில் கை துடைத்ததைப் பார்த்திருக்கிறேன். நான் பேண்ட்டில் துடைப்பேன். தெரியாமல் கையெழுத்துப் போட்டேன், மயக்கத்தில் போட்டேன் என்று சொல்லிவிட ரொம்ப ஆசை. பதினேழாம் வாய்ப்பாடு தப்பில்லாமல் வந்த நாள்தான் அது. படித்துப் பார்த்தேன். அவர் சொன்ன கணக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டது. போட்டேன். ஆப்பிளை மேசைமேல் வைத்துவிட்டு அவர் போனார்.

மெர்சி பக்கத்தில்தான் இருந்தாள். சாயங்காலம் கன்னியப்பன் வந்து தூக்கை வைத்துவிட்டுப் போனதும், அதை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். கஞ்சியைக் கொட்டித் தண்ணீர் விடுகிற சத்தம் கேட்டது. தூக்கைக் கழுவித் துடைத்து, மறுநாள் அவர் கையில் கொடுத்தாள். "நல்லா குடிச்சாரு அண்ணா" என்றாள். ஒன்பது நாள் இப்படி நடந்தது. மெர்சிமேல் பழி போடவில்லை. படுத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்தானே.

அந்த ஒன்பது நாளில் கன்னியப்பனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அதையும் அவரே வந்து சொன்னார். வேலை இல்லாததால் சாயங்காலம் வருகிறவர் மத்தியானமே வந்திருந்தார்.

"லீவு வுட்டுட்டாங்க சார். என்கொயரியாம். நான்தான் எல்லாருக்கும் மஞ்சக்காமாலை குட்தேனாம். பேஜாரா பூட்சி." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யாரோ ஆபீசர் எய்தி குட்துக்கீறாராம். பேரு சொல்ல மாட்றாங்கோ. ரெண்டு பொண்ணு படிக்குது சார். இந்த வயசுல வெளிய அனுப்ட்டா, காமாலை குட்த்தவன்னு பேரோட எந்தக் கேன்டீன்ல சேத்துப்பான்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம் வருகிறது என்று நினைத்து, தூக்கை வைத்துவிட்டு ஓசைப்படாமல் எழுந்து போனார்.

இரண்டாம் வாரத்தின் கடைசியில் ரத்தம் உறைகிற வினாடி இறங்க ஆரம்பித்தது. பிழைத்துவிட்டேன் என்று டாக்டர் சொன்னார். அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. அன்று டாக்டருக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது போல. கம்பெனியில் இன்னும் யாருக்கெல்லாம் வந்தது என்று கேட்டார். ராமநாதன் சொன்ன கணக்கை அப்படியே ஒப்பித்தேன். கன்னியப்பன் பெயரை மட்டும் விட்டுவிட்டு, சமையல்காரன் என்றேன்.

"அந்தக் கேன்டீன்ல சாப்பிட்ட எல்லா ஆபீசருக்குமா வந்துச்சு?"

யோசித்தேன். அதுவரை யோசிக்காதது அப்போதுதான் உறைத்தது. ஜெனரல் மேனேஜருக்கு வரவில்லை. மெயின்டனன்ஸ் பெரியவருக்கு வரவில்லை. தினமும் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தடவை ரசம் வாங்கிக்கொள்கிற ராமநாதனுக்கும் வரவில்லை. படுத்த ஏழு பேரும் முப்பத்தைந்துக்கு உள்ளே.

"அப்போ உங்க சமையல்காரர் வயசு பாத்து விஷம் வெச்சாரா?" என்றார் டாக்டர்.

பிறகு விளக்கினார். சின்ன வயசில் இந்தக் கிருமி போனால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் காய்ச்சல், வயிறு சரியில்லை, மாந்தம் என்று வீட்டில் எதையாவது அரைத்துக் கொடுப்பார்கள், குழந்தை மூன்றாம் நாள் விளையாடப் போய்விடும். ஆனால் உடம்பு அதை மறக்காது. ஆயுசுக்கும் திரும்ப வராது. கிணறு, குளம், தெருக்குழாய் என்று குடித்து வளர்ந்த பெரியவர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் அந்தப் பழைய தழும்பு இருக்கும். உங்கள் ஒர்க்கர்களும் சுற்று வட்டார கிராமத்துப் பையன்கள். பத்து வயசுக்குள் வந்து போயிருக்கும். சாக்கடைத் தண்ணியை எல்லாரும்தான் குடித்திருக்கிறீர்கள். உள்ளே காவல் இல்லாதவர்கள் மட்டும் விழுந்தீர்கள்.

"உங்களை எப்படி வளர்த்தாங்க?"

என் அம்மா நர்ஸ். காய்ச்சாத தண்ணீர் என் தொண்டையில் இறங்கியதே இல்லை. பள்ளிக்கூட வாசலில் மாங்காய்ப் பத்தை வாங்கினதற்கு அடி வாங்கியிருக்கிறேன். அதைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

"அதான். அம்மா செஞ்சது சரிதான். உங்களுக்கு வர வேண்டியது இருபத்தஞ்சு வருஷம் லேட்டா வந்துச்சு. இந்த வியாதி லேட்டா வந்தா பலமா வரும்."

"அப்போ குழந்தைங்களுக்கு அழுக்குத் தண்ணியே குடுத்துடலாமா டாக்டர்?" என்றாள் மெர்சி, சுருக்கென்று.

பதில் கதவுப் பக்கத்திலிருந்து வந்தது. கன்னியப்பன் தூக்கோடு எப்போது வந்து நின்றார் என்று தெரியாது. "வாணாம்மா. எங்கம்மா ஒம்போது பெத்துச்சு. நின்னது நாலு. மீதி எல்லாம் பேதியிலயும் ஜொரத்துலயும் பூட்சி."

பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, அந்தச் சமையல்காரன் நான்தான். எனக்கும் சின்ன வயசுல வந்திருக்குமா?"

"வந்திருக்கலாம். பாத்தாத்தான் தெரியும்."

"வந்து பூட்ச்சின்னா, என் ஒடம்புல இப்ப அது இருக்குமா?"

"இருக்காது. இந்தக் கிருமி போனா போனதுதான், தங்காது. அடுத்தவங்களுக்குக் குடுக்க முடியாது."

கன்னியப்பன் தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார். "அப்ப எட்த்து பாத்துடும்மா" என்றார். எங்கள் கம்பெனியில் இத்தனை ஆபீசர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்த விஷயத்தில், தன்னைக் காப்பாற்றப் போவது எது என்று இரண்டே கேள்வியில் பிடித்துவிட்டார். டாக்டரே ரத்தம் எடுத்தார். ஷீபாவுக்கும் எடுக்கச் சொன்னார். பட்டணத்தில் இருந்த பெரிய லேபுக்கு அனுப்பினார்.

முடிவு வர ஒரு வாரம் ஆனது. இதில் இரண்டு பார்ப்பார்கள். ஒன்று இப்போது வந்ததற்கு அடையாளம், இன்னொன்று எப்போதோ வந்து போனதற்கு அடையாளம். கன்னியப்பனுக்குப் பழையது மட்டும் இருந்தது, புதுசு இல்லை. ஷீபாவுக்குப் புதுசே இருந்தது. என்னிடமிருந்தோ எங்கிருந்தோ அவளுக்கும் வந்திருக்கிறது. இரண்டு நாள் இட்லி வேண்டாம் என்றாள், மெர்சி அதட்டினாள், அதோடு சரி. நான் மூன்று வாரம் செத்துப் பிழைத்ததை என் மகள் ஊஞ்சலாடிக்கொண்டே முடித்துவிட்டாள். டாக்டர் கன்னியப்பனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்த அந்த ஆபீசர் யார் என்று மட்டும் நான் கன்னியப்பனிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். மெர்சி பக்கத்தில் நின்று பார்த்தாள். "டாக்டர் லெட்டரே போதுமே. நீங்க வேற எதுக்குப் பொய் சொன்னேன்னு எழுதிக் குடுத்து வேலையைக் கெடுத்துக்கணும்?" என்றாள். பிறகு அவளே கவர் எடுத்துக் கொடுத்தாள்.

ராமநாதன் கவரை வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். "என்கொயரி நடக்கட்டும் சார், முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். முறைப்படி நடந்தது. வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீல் விசாரணை அதிகாரி. ஒரு பக்கம் ராமநாதன், ஒரு பக்கம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கன்னியப்பன். முறைப்படி முதலில் புகாரைப் படித்தார்கள். தேதி, செவ்வாய்க்கிழமை, இடம், ஆஸ்பத்திரி, நேரில் பார்த்த சாட்சி, ஞானராஜ். கன்னியப்பன் என் பக்கம் திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு கஞ்சி கொண்டுவந்த நாட்களைத்தான் எண்ணியிருக்க வேண்டும். அப்புறம் என் இரண்டாவது கடிதத்தைப் படித்தார்கள். அப்புறம் டாக்டரின் கடிதம். அதற்குள் தொட்டியைத் திறந்து பார்த்து, மழையில் கக்கூஸ் குழாய் உடைந்து அதில் கலந்ததையும் கண்டுபிடித்திருந்தார்கள். அரை மணியில் முடிந்தது. சஸ்பென்ஷன் ரத்து. ராமநாதன் எழுந்துபோய்க் கன்னியப்பனின் கையைக் குலுக்கினார்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் போய் நின்றேன். அவர் வந்தார்.

"மன்னிச்சிருங்க கன்னியப்பன்" என்றேன்.

அவர் பூட்டைத் திறந்துகொண்டே, "ஒண்ணு கேக்கறேன் சார். மறைக்காம சொல்லு" என்றார்.

"கேளுங்க."

"டாக்டரம்மா என் ரத்தத்த எட்த்து பாக்கலன்னு வெச்சுக்கோ. நீ அந்தக் காயிதத்த திருப்பி வாங்கியிருப்பியா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் ஆஸ்பத்திரியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ரெண்டு பொண்ணு படிக்குது என்று அவர் சொன்னபோது என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். வாரக்கணக்கில் மரத்துக் கிடந்த உடம்பில் முதல் தடவையாக எங்கோ வலித்தது. வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது.

"இல்ல" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபம்கூட இல்லை. "நாலு வருசமா தெனம் என் கையால சாப்ட்ட சார். அது பத்தல" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

மறு வாரம் வேலையில் சேர்ந்தார். மாடிக்கு வரவில்லை, கீழே ஒர்க்கர்ஸ் கேன்டீனுக்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாராம். எங்களுக்கு வேறு ஆள் சமைத்தார். கீழே போக பதினெட்டுப் படிதான். நான் அந்தக் கம்பெனியில் இன்னும் ஆறு வருஷம் இருந்தேன். ஒரு நாளும் இறங்கிப் போய் அவர் முன்னால் தட்டை நீட்டவில்லை.